முழுசு மேஸ்திரி

வீட்டுக்குள் நுழைந்ததும் செருப்பைக் கழற்றிவிட்டு நேரே குளியலறைக்குத்தான் போவார். ஹாலின் வெளிச்சம், படுக்கையறையின் காற்றோட்டம் என்று புரோக்கர் பின்னாலேயே சொல்லிக்கொண்டு வருவது அவர் காதில் ஏறாது. ஒரு வாளித் தண்ணீரைப் பிடித்துத் தரையில் மொத்தமாகக் கவிழ்ப்பார். பிறகு இடுப்பில் கை வைத்துக்கொண்டு, பிள்ளையைப் பள்ளிக்கூட வாசலில் இறக்கிவிட்டு அது உள்ளேதான் போகிறதா என்று பார்க்கும் அப்பாவைப் போல, அந்தத் தண்ணீரையே பார்த்துக்கொண்டு நிற்பார். தண்ணீர் ஒழுங்காக ஓட்டையைத் தேடிப் போனால் ஒன்றும் சொல்ல மாட்டார். கதவுப் பக்கம் திரும்பினால், "வாட்டம் தப்பு. தரைய மொத்தமா பேத்து எடுக்கணும்" என்பார். புரோக்கரின் பேச்சு அத்தோடு நின்றுவிடும்.

இவர் வீடு விற்பவரும் இல்லை, வாங்குபவரும் இல்லை. பழைய வீட்டின் மேல் ஆசைப்பட்டவர்கள், அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்னால், ரிப்பேருக்கு என்ன ஆகும் என்று கேட்டுத் தெரிந்துகொள்ள அழைத்து வரும் காண்ட்ராக்டர். கொத்து வேலையில் தொடங்கி மேஸ்திரியாகி, இப்போது நாலைந்து ஆட்களை வைத்துக் காண்ட்ராக்ட் எடுக்கிறார். ஆனாலும் காண்ட்ராக்டர் என்று கூப்பிட்டால் திரும்ப மாட்டார். மேஸ்திரி என்றால்தான் திரும்புவார். முதுகுக்குப் பின்னால் எல்லோரும் சொல்வது 'முழுசு'. எந்த வீடானாலும், "சொன்னா முழுசா சொல்லணும், இல்ல வாயத் திறக்கக் கூடாது" என்று ஆரம்பிப்பதால் வந்த பெயர். அது அவருக்கும் தெரியும். ஒருமுறை போனில் யாரிடமோ, "ஆமா, முழுசுதான் பேசறேன், சொல்லுங்க" என்று அவர் சொன்னதை நானே கேட்டேன்.

டைல்ஸ் தரையில் வெறுங்காலோடு குதிகாலை ஊன்றி ஊன்றி நடப்பார். அடியில் சிமெண்ட் பிடிக்காத கல் டொக்கென்று சத்தம் போட்டுத் தன்னைக் காட்டிக்கொடுத்துவிடும். சுவர் அலமாரியைத் திறந்து தலையை உள்ளே விட்டு முகர்ந்து பார்ப்பார். குழாய்களையெல்லாம் மூடச் சொல்லிவிட்டுத் தண்ணீர் மீட்டருக்கு முன்னால் குந்தி உட்கார்ந்துகொள்வார். முள் நகர்ந்தால் மண்ணுக்கடியில் எங்கோ ஒழுகுகிறது என்று அர்த்தம். ஒரே ஒரு சுவருக்கு மட்டும் புதிதாகப் பெயிண்ட் அடித்திருந்தால் அங்கேயே நின்றுவிடுவார். "வீட்டுக்காரருக்கு இந்தச் சுவர் மேல மட்டும் என்னங்க இவ்வளவு பாசம்?" என்று புரோக்கரிடம் கேட்பார். இவர் தலையைக் கண்டாலே சில புரோக்கர்களுக்குச் சாவி வைத்த இடம் மறந்துபோகிறது.

கூடவே வருபவர் அவருடைய மனைவியின் தம்பி, எலக்ட்ரீஷியன். இருவரும் ஒருவரையொருவர் மச்சான் என்றே கூப்பிட்டுக்கொள்வதால் வேலையாட்களுக்குக் குழப்பம் வந்து, தம்பிக்காரருக்கு 'ஒயரிங் மச்சான்' என்று பெயர் வைத்துவிட்டார்கள். மேஸ்திரி தரையைப் பார்த்துக்கொண்டு நடப்பார், ஒயரிங் மச்சான் கூரையைப் பார்த்துக்கொண்டு நடப்பார். எப்போதாவது முட்டிக்கொள்வதும் உண்டு. மச்சானுக்கு எந்த வீடும் சீக்கிரம் பிடித்துப்போகும்.

"நல்லா காத்து வருது மச்சான்."

"ஜன்னல் சட்டம் முழுக்க செல்லரிச்சிருக்கு. காத்து வராம என்ன பண்ணும்?"

எனக்கும் அவருக்கும் பழக்கம் ஏற்பட்டது ஒரு மனத்தாங்கலில். நானும் என் மனைவியும் ஒரு வீட்டைப் பார்த்து மயங்கிப்போய் இவரைக் கூட்டிக்கொண்டு போனோம். குளியலறை, மொட்டை மாடி, பின் சுவர் என்று அவர் முழுசாகச் சொல்லி முடித்தபோது எங்கள் மயக்கம் தெளிந்திருந்தது. விட்டுவிட்டோம். அதை வேறொருவர் வாங்கினார். வெள்ளையடித்ததோடு சரி, வேறு எதையும் தொடவில்லை. இன்றைக்கும் அந்த வழியாகத்தான் நான் ஆபீஸ் போகிறேன். மாடியில் துணி உலர்கிறது, வாசலில் ஒரு நாய் கால் நீட்டிப் படுத்திருக்கிறது, வீடு ஜம்மென்று நிற்கிறது. இதை அவரிடம் சொல்லிக்காட்டும்போதெல்லாம், "நல்லா இருக்கட்டும் சார். மழைக்கப்புறம் பின்பக்கச் சுவத்தப் போய்ப் பாருங்க" என்பார். எத்தனையோ மழை வந்து போய்விட்டது. நான் பின்பக்கம் போய்ப் பார்க்கவில்லை, விழுந்திருக்கக் கூடாதா என்று நினைத்துவிடுவேனோ என்ற பயம்தான்.

மற்ற காண்ட்ராக்டர்கள் இப்படி இல்லை. வீடு கைமாறினால்தானே அவர்களுக்கு வேலை. அதனால் வாங்குகிறவரின் முகம் வாடாதபடி கணக்குச் சொல்வார்கள். எது கேட்டாலும் அவர்களிடம் ஒரு பதில் உண்டு: பாத்துக்கலாம். கூரையில் விரிசல் இருக்கிறதே? பாத்துக்கலாம். கழிவுநீர்க் குழாய் எப்படிப் போகிறது என்றே தெரியவில்லையே? பாத்துக்கலாம். இந்தச் சொல்லை மேஸ்திரி வாயில் கேட்க முடியாது. அவருடைய ஆட்கள் வீட்டுக்காரர் முன்னால் அதைச் சொல்லிவிட்டால், அன்றைக்குச் சாயங்காலம் வரை அவர்களோடு பேச மாட்டார். சொன்ன ஆள் குற்றவாளி போலச் சுற்றிச் சுற்றி வருவான்.

காரணத்தை ஒயரிங் மச்சான்தான் சொன்னார். மேஸ்திரி தனியாகக் காண்ட்ராக்ட் எடுக்க ஆரம்பித்த புதிதில் ஒரு தையல்காரர் பழைய வீடு ஒன்றை வாங்க நினைத்து இவரிடம் கணக்குக் கேட்டிருக்கிறார். எல்லாவற்றுக்கும் தொகை சொன்ன மேஸ்திரியிடம், "தரைக்கு அடியில போற குழாய் எல்லாம்?" என்று கேட்டாராம். இவர் "அத பாத்துக்கலாம்" என்று சொல்லியிருக்கிறார். தரையைத் தோண்டிய பிறகு பார்த்து முடிவு செய்யலாம் என்பது இவர் நினைத்தது. மேஸ்திரி அதைத் தன் பொறுப்பில் பார்த்துக்கொள்வார், சொன்ன தொகைக்குள்ளேயே அடங்கும் என்பது தையல்காரர் நினைத்தது. அதே சொல்தான். இவர் வாயிலிருந்து ஒரு அர்த்தத்தோடு புறப்பட்டு, அவர் காதில் வேறு அர்த்தத்தோடு போய் இறங்கியிருக்கிறது.

தோண்டினால் குழாய் ஒன்றுகூட உருப்படியாக இல்லை. கையில் இருந்ததையெல்லாம் வீட்டில் போட்டுவிட்ட தையல்காரர் விக்கித்துப்போய் நின்றார். "நீங்கதானே பாத்துக்கலாம்னீங்க?" "அப்புறமா பாக்கலாம்னுதாங்க சொன்னேன்." இரண்டு பேரும் பொய் சொல்லவில்லை, அதுதான் கொடுமை. வேலை பாதியில் நின்றது. பெயர்த்துப் போட்ட தரையில் கால் வைக்க இடமில்லாமல் தையல்காரர் மெஷினைச் சமையலறையில் போட்டுத் தைத்தார். துணியெல்லாம் புகை வாசம் அடிக்கிறது என்று வாடிக்கைக்காரர்கள் ஒவ்வொருவராக விலகினார்கள். கடைசியில் மேஸ்திரி தன் கைக்காசைப் போட்டு, தானே மண்வெட்டி பிடித்துக் குழாய் பதித்துக் கொடுத்தார். போன வாடிக்கை திரும்பவில்லை. அதுவரை அந்தத் தையல்காரரிடம்தான் இவர் சட்டை தைத்துக்கொள்வார். இப்போது கடையில் தொங்குவதை வாங்கிப் போடுகிறார். தோள் இறங்கி, கை நீண்டு, யாருக்கோ தைத்ததைப் போட்டுக்கொண்டு வந்தவர் மாதிரி இருப்பார்.

இவ்வளவு வீடுகளின் உள்ளும் புறமும் பார்த்தவர் இன்னும் வாடகை வீட்டில்தான் இருக்கிறார் என்பது எனக்கு வெகுநாள் தெரியாது. வாங்கலாம் என்று அவரே போய்ப் பார்த்த வீடுகள் பல. எல்லாவற்றுக்கும் முழுசாகக் கணக்குப் போட்டுவிட்டு வாங்காமல் வந்துவிடுவார். "வீடு பாக்கத் தெரியாதவங்க எல்லாம் வீடு வாங்கிட்டாங்க. தெரிஞ்சவரு வாடகை குடுத்துட்டு இருக்காரு" என்று அவர் மனைவி என்னிடம் சிரித்துக்கொண்டேதான் சொன்னார். அந்தச் சிரிப்புக்கு மேஸ்திரி நிமிர்ந்து பார்க்கவில்லை.

அவர்களுக்கு ஒரே மகள். மருந்துக் கடையில் வேலை. மருமகன் பஸ் ஓட்டுகிறார். அவர்களும் வாடகையில் இருக்கிறார்கள், வருஷம் முழுக்கச் சுவர் நசநசத்துக் கிடக்கிற ஒரு வீட்டில். பேத்திக்கு இரவில் மூச்சு இழுக்கிறது. சுவர் காய்ந்த வீட்டுக்குப் போகாமல் மருந்தால் மட்டும் தீராது என்று டாக்டர் சொல்லிவிட்டார். வாடகைக்கு வேறு வீடு தேடினால் கட்டுப்படியாகாத வாடகை கேட்கிறார்கள். அதற்குப் பதில் லோன் போட்டுச் சின்னதாக ஒன்றை வாங்கிவிடலாம் என்று அப்பாவோடு வீடு பார்க்கத் தொடங்கி, அப்பாவின் கணக்கைக் கேட்டுக் கேட்டு, பார்த்த வீடுகளையெல்லாம் விட்டுக்கொண்டே வந்தாள் மகள்.

அவர் வீடு பார்க்கும்போது ஒருநாள் நானும் கூடவே வருகிறேன், அதைப் பற்றி எழுதவேண்டும் என்று நான் வெகுநாளாகக் கேட்டுக்கொண்டிருந்தேன். போன வாரம் அவரே கூப்பிட்டார். "என் பொண்ணு ஒரு வீடு பாத்திருக்கா. நீங்களும் வாங்க சார். வெளியாள் இருந்தா கொஞ்சம் மெதுவா பேசுவா." எழுத்தாளனாக இல்லாவிட்டாலும் வெளியாளாகவாவது பயன்படலாமே என்று போனேன்.

சைக்கிள் கடைக்குப் பின்னால், இரண்டு பக்கமும் வீடுகள் நெருக்கிக்கொண்டு நிற்கும் சந்தில் இருந்தது அது. இரண்டு அறை, ஒரு சமையலறை, குளியலறை, பின்னால் ஒரு கட்டிலைப் போடும் அளவுக்கு மண் தரை. வீட்டுக்காரர் காலி செய்துவிட்டுப் போய்விட்டார். சாயங்காலத்துக்குள் பதில் சொல்ல வேண்டும், இல்லையென்றால் அடுத்த ஆளுக்குக் கொடுத்துவிடுவேன் என்று சொல்லியிருந்தார். சாவியைக் கொடுத்துவிட்டுப் புரோக்கர் டீ குடிக்கப் போனார். மருமகனுக்கு டூட்டி. மகள், மேஸ்திரி, ஒயரிங் மச்சான், நான், நாலு பேர்தான்.

மகளுக்காக என்று மேஸ்திரி எதையும் கூட்டவும் இல்லை குறைக்கவும் இல்லை. வாளித் தண்ணீரைக் கவிழ்த்தார், அது கதவுப் பக்கமே வந்தது. சமையலறைக் கூரையைக் கம்பால் தட்டினார், ஒரு பாளம் பெயர்ந்து விழுந்து உள்ளே துருப்பிடித்த கம்பி பல்லைக் காட்டியது. படுக்கையறையில் ஒரு சுவர் இடுப்பளவுக்கு ஓதம் ஏறிப் பூத்துப்போயிருந்தது. அந்தச் சுவருக்கு அந்தப் பக்கம் அடுத்த வீட்டுக்காரர்கள் துணி துவைக்கிற இடம். ஒயரிங் மச்சான் ஸ்விட்ச் போர்டைக் கழற்றிப் பார்த்துவிட்டு, சொல்ல வாய் வராத சங்கடத்தோடு, "எல்லாத்தையும் மாத்தணும் மச்சான்" என்றார். வீட்டைப் பற்றி அவர் ஒரு நல்ல வார்த்தையும் சொல்லாதது அன்றைக்குத்தான்.

மேஸ்திரி ஹாலின் நடுவில் நின்று முழுசாகச் சொன்னார். கூரை, ஒயரிங், குளியலறைத் தரை, ஓதம் பிடித்த சுவர், ஜன்னல்கள். மகள் குறுக்கே பேசாமல் கேட்டுக்கொண்டாள்.

"இந்த வீட்ட வாங்கலாம், இல்ல ரிப்பேர் பண்ணலாம். ரெண்டுக்கும் உங்ககிட்ட இருக்கறது பத்தாதும்மா" என்று முடித்தார்.

"இதுல எத பண்ணலேன்னா குடி வரவே முடியாது? அத மட்டும் சொல்லுங்கப்பா."

"அப்படிப் பிரிக்கறது இல்ல."

"ஏன் பிரிக்கக் கூடாது?"

"பாதி வேலையில குடி வந்தவங்க மீதிப் பாதிய பண்ணி நான் பாத்ததில்லம்மா. கஷ்டப்பட்டுக்கிட்டே இருப்பாங்க."

"பரவால்லப்பா. மீதிய அப்புறம் பாத்துக்கலாம்."

ஒயரிங் மச்சான் போர்டை மூடிக்கொண்டிருந்த கை அப்படியே நின்றது. மேஸ்திரி மகளைப் பார்த்தார். கோபம் என்று சொல்ல முடியாது. ஏதோ வலி தெரிந்த முகமாக இருந்தது.

"அந்த வார்த்தைய மட்டும் சொல்லாத."

"ஏன்ப்பா? நான் யாருக்கும் எஸ்டிமேட் குடுக்கல. எனக்கு நானே சொல்லிக்கறேன்" என்றாள். குரல் உயரவில்லை. வெளியாள் இருந்ததன் பலன் அவ்வளவுதான். "நீங்க சொன்ன செலவு எல்லாம் சரி. ஒண்ணுகூட தப்புன்னு சொல்ல மாட்டேன். இதுவரைக்கும் பாத்த எல்லா வீட்டுக்கும் முழுசா சொன்னீங்க. வாங்காம இருக்கறதுக்கு என்ன செலவுன்னு ஒரு தடவையாவது சொன்னீங்களாப்பா?"

மேஸ்திரி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"அம்மா ஒரு செடியக்கூட மண்ணுல வெச்சதில்ல. தொட்டியிலயே வெச்சு, வீட்டுக்கு வீடு வண்டியில ஏத்தி ஏத்தி எறக்கினாங்க. அதுக்கு என்ன செலவு? பாப்பா ராத்திரி எந்திரிச்சு உக்காந்துக்கிட்டு மூச்சுக்குத் தவிக்கறா. சுவர சுரண்டிப் பூசிக்கறேன்னா இப்ப இருக்கற வீட்டுக்காரர் ஆணிகூட அடிக்கக் கூடாதுங்கறாரு. அதுக்கும் ஒரு எஸ்டிமேட் போடுங்களேன். முழுசா போடுங்க."

எனக்கு எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை. அவளுக்காகவும் வருத்தமாக இருந்தது, அவருக்காகவும் வருத்தமாக இருந்தது. பிறத்தியாருக்கு நஷ்டம் வந்துவிடக் கூடாது என்று பயந்து பயந்து வாழ்ந்த மனுஷன். அந்தப் பயத்துக்கு வீட்டில் யார் வாடகை கொடுத்துக்கொண்டிருந்தார்கள் என்பதை நான் அதுவரை யோசித்ததில்லை. அவரும் யோசித்ததாகத் தெரியவில்லை. ஒயரிங் மச்சான் ஒரே திருகாணியைத் திரும்பத் திரும்ப முறுக்கிக்கொண்டிருந்தார்.

மேஸ்திரி சமையலறைக்குள் போனார். ஏதோ தட்டுகிற சத்தம் கேட்டது. குளியலறைக்குப் போனார். அங்கே சத்தமே இல்லை. திரும்பி வந்தபோது மகளைப் பார்க்காமல் தரையைப் பார்த்துக்கொண்டு பேசினார்.

"சமையக்கட்டுக் கூரையும் ஒயரிங்கும் குடி வர்றதுக்கு முன்னாடி முடிச்சாகணும். அதுல பேச்சே கிடையாது."

"சரிப்பா."

"ஆளுங்க கூலி மட்டும் குடு. கூரைய நான் கட்டறேன்."

"ஒயரிங் என்னோடது" என்றார் மச்சான், யாரும் கேட்காமலே.

"பாத்ரூம் தரை..." என்று வாயைத் திறந்த மேஸ்திரி கொஞ்சம் நிறுத்தினார். "தண்ணி கதவுப் பக்கம்தான் வரும். குளிச்சதும் தள்ளி விட்டுக்கணும். இப்போதைக்குப் போகட்டும். ஜன்னலும் போகட்டும்." பல வருஷமாக ஒன்றாகவே சொல்லிவந்ததை முதல்முறையாக இரண்டாகப் பிரித்துச் சொன்னதில் அவருக்கு வியர்த்துவிட்டது.

"படுக்கற ரூம் சுவரு?" என்று மகள் கேட்டாள். அவள் கவலை முழுக்க அதில்தான் இருந்தது.

மேஸ்திரி, "பாப்பாவுக்குக் கட்டில் எங்க போடுவே?" என்று கேட்டார்.

மகள் அறைக்குள் கூட்டிப்போய் ஜன்னலை ஒட்டிய மூலையைக் காட்டினாள். பூத்துப்போன சுவரின் கடைசி ஓரம் அது, பார்வைக்கு அந்த இடம் நன்றாகத்தான் இருந்தது. மேஸ்திரி கையால் தொட்டுப் பார்ப்பார், நகத்தால் சுரண்டுவார் என்று நினைத்தேன். அவர் அந்த மூலையில் தரையில் உட்கார்ந்தார். பிறகு தூசியிலேயே படுத்து, முழங்காலை மடித்துப் பேத்தியின் அளவுக்கு உடம்பைக் குறுக்கி, சுவர்ப் பக்கமாகத் திரும்பிக் கன்னத்தை அதில் வைத்துக் கண்ணை மூடிக்கொண்டார். நாங்கள் மூன்று பேரும் கதவோரமாகவே நின்றோம். வெளியே யாரோ துணியை அடித்துத் துவைத்துக்கொண்டிருந்தார்கள். அந்தச் சத்தம் ஓய்ந்த பிறகும் அவர் எழுந்திருக்கவில்லை.

"இங்க ஜில்லுனு இருக்கும்மா" என்றார் கடைசியில். எழுந்தார். முதுகெல்லாம் தூசியோடு அறையைக் குறுக்கே கடந்துபோய், எதிர்ச் சுவரோரமாகப் படுத்துக்கொண்டார்.